மறுத்துச் சொல்லிப் பிழைத்த கதை

நான் செத்து 900 வருடத்துக்கு மேல் ஆகிறது. இனி எந்த மேலதிகாரியும் என்னை எந்த ஊருக்கும் மாற்றல் போட முடியாது என்பதால், மனம்விட்டு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சீனத்தில் சோங் வம்சம் ஆண்டபோது, தலைநகர் கைஃபெங்கில், பச்சை அங்கி போட்டுக்கொண்டு அரசவையின் பின்வரிசையில் நின்ற கன்பூசியப் படிப்பாளிகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவன் என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயர் விஷயம் கடைசியில் வரும்.

அரசு வேலை என்றால் எல்லோரும் தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். தேர்வு மூன்று நாள் கூத்து. அதற்குப் பிறகு வருகிற முப்பது நாற்பது வருடத்துக்குத் தேவைப்படுவது வேறு ஒரு வித்தை: மேலே இருப்பவரிடம் ‘இது சரியில்லை’ என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வேலைக்கு வருவது. அதை எப்படிக் கற்றேன், எங்கே கோட்டை விட்டேன் என்பதுதான் இந்தப் பகிர்வு.

கன்பூசியஸின் உரையாடல்களில் பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. அரசருக்கு எப்படி ஊழியம் செய்வது என்று சீடர் ட்சிலு கேட்கிறார். ‘ஏமாற்றாதே; ஆனால் எதிர்த்துச் சொல்’ என்கிறார் ஆசான். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னால் இன்னொன்று: நாடு நெறியோடு இருந்தால் பேச்சும் துணிவாக இருக்கட்டும், செயலும் துணிவாக இருக்கட்டும், நெறி கெட்டால் செயல் துணிவாக இருக்கட்டும், பேச்சை அடக்கிக்கொள். சின்ன வயதில் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஒன்றுக்கொன்று இடிக்குமே என்று அப்போது தோன்றவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு, பல நாள் காலையில் அங்கியை மாட்டும்போதே, இன்றைக்கு எந்த வரி என்று யோசிக்க வேண்டியிருந்தது.

சரி, தேர்வையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கில் ஜியாயூ இரண்டாம் ஆண்டு, உங்கள் கணக்கில் 1057. விடைத்தாளில் பெயர் எழுதிய இடத்தை மடித்து ஒட்டிவிடுவார்கள். அப்புறம் எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் முதலிலிருந்து கடைசிவரை பிரதி எடுப்பார்கள். திருத்துகிறவர் கைக்குப் போவது அந்தப் பிரதிதான். கையெழுத்தைப் பார்த்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதாம். அந்த வருடம் தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியூ. முறுக்கிப் பிழிந்து, யாருக்கும் புரியாத சொற்களைக் கோத்து எழுதுவது அப்போது மாணவர்களிடையே பெரிய மோகம். அப்படி எழுதியவர்களை அவர் மொத்தமாகக் கழித்துக்கட்டினார். முடிவு வெளியானதும் தோற்றவர்கள் தெருவில் அவர் குதிரையைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். காவலர்களால் அடக்க முடியவில்லை. யாரோ ஒருவன், ஆள் உயிரோடு இருக்கும்போதே, சவத்தின் முன் படிக்கும் இரங்கலுரை ஒன்றை எழுதி அவர் வீட்டில் போட்டுவிட்டுப் போனான்.

தேறியவர்கள் 388 பேர். பின்னாளில் பெரும் கவிஞர் என்று பெயரெடுத்த சூ ஷி, அவர் தம்பி சூ ட்சே, ட்செங் கோங், செங் ஹாவ், ஜாங் ட்சாய் எல்லோரும் அந்த ஒரே வருடம். நானும் வால் பகுதியில் எங்கேயோ தொற்றிக்கொண்டேன். திறமை என்று சொல்ல மாட்டேன். கடினமான சொற்கள் எனக்கு வராது, அவ்வளவுதான். சூ ஷியின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் தாளைப் படித்த ஓயாங் சியூ, தன் மாணவர் ட்செங் கோங் எழுதியது என்று நினைத்து, பழி வருமே என்று இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். அந்தக் கட்டுரையில் ஆதிகால அரசர் யாவ் பற்றி ஒரு சம்பவம் இருந்தது. எந்த நூலில் வருகிறது என்று பிறகு கேட்டபோது, ‘அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்தேன்’ என்றாராம். நீங்கள் இதை முயற்சி செய்ய வேண்டாம். அது சூ ஷிக்கு மட்டும் செல்லுபடியாகும்.

முதல் வேலை ஒரு சின்ன மாவட்டத்தில் பதிவேடுகளைப் பார்ப்பது. அங்கே போனதும் தெரிந்தது, மாவட்டத்தை நடத்துவது நாங்கள் இல்லை, குமாஸ்தாக்கள் என்று. சொந்த ஊர்ப்பக்கம் எங்களுக்கு வேலை தர மாட்டார்கள். மூன்று வருடத்தில் மாற்றல். அவர்களோ அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அதே மேசையில் இருப்பவர்கள். பெரும்பாலோருக்கு அப்போது சம்பளமே கிடையாது. மனுப் போட வருகிறவனிடம் ‘காகிதத்துக்கு, மைக்கு’ என்று வாங்குவதுதான் வருமானம். எங்கள் அலுவலகத்தில் ஒரு கிழவர் இருந்தார். வரிக் கணக்கு கேட்டால் துணி மூட்டையை அவிழ்ப்பார். முடிச்சை அவிழ்க்கவே அரை நாழிகை எடுத்துக்கொள்வார். அவிழ்த்ததும் நான் கேட்காத வருடம் மேலே இருக்கும். முதல் மாதம் கத்தினேன். முடிச்சு இன்னும் இறுகியது. அப்புறம் வேறு வழி பிடித்தேன். ‘ஐயா, எனக்குக் கண் கூசுகிறது, நீங்களே வாசியுங்கள்’ என்று தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமாக வாசிக்கும்போது பொய்க்கணக்கில் குரல் லேசாகத் தடுக்கும். அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். ஆறு மாதம் பிடித்தது. புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதில் இதுதான் மிகவும் உருப்படியானது. மற்றதெல்லாம் சந்தேகம்.

கீழ்நிலையிலிருந்து தலைநகர்த் தரத்துக்கு ஏற ஐந்து அதிகாரிகள் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவன் பின்னால் லஞ்சத்தில் மாட்டினால் பரிந்துரைத்தவருக்கும் தண்டனை. அதனால் கையெழுத்துக் கேட்டுப் போகிறவனைக் கடன் கேட்டு வந்தவனைப் போலத்தான் பார்ப்பார்கள். கவிதை எழுதிக்கொண்டு போனேன், நடக்கவில்லை. கடைசியில், கிழவர் வாசித்துக் காட்டிய கணக்கைச் சரிசெய்து வைத்திருந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். புகழ்ந்து எழுதிய கவிதையை வைத்துத் தண்டனையிலிருந்து யாரும் தப்ப முடியாது. நேர்ப்பட்ட கணக்கைப் பார்த்தால் அவர்களுக்குத் தூக்கம் வரும். நடுவில் அப்பா இறந்துபோனார். விதிப்படி 27 மாதம் வேலையை விட்டுவிட்டு ஊரில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கல்லறைப் பக்கத்தில் புல் பிடுங்கினேன்.

அப்புறம் தலைநகர். அரசவைக்குப் போகிற நாட்களில் நடுநிசி தாண்டியதும் கிளம்ப வேண்டும். குதிரைக்கு முன்னால் ஆள் நீளக் கம்பில் வெள்ளைக் காகித விளக்கைத் தூக்கிப்பிடித்துப் போவான். அதில் நம் பதவி எழுதியிருக்கும். அரண்மனை வாசலில் அத்தனை விளக்கும் ஒன்றுசேர்ந்து நிற்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் ‘நெருப்புக் கோட்டை’ என்பார்கள். பிரதான அமைச்சர் கடைசியாகத்தான் வருவார். அவர் வந்ததும் எல்லா விளக்கும் அணைந்துவிடும். கதவு திறக்கும்வரை காத்திருக்க ஒரு கூடம் உண்டு. அங்கே அரசு செலவில் மதுவும் பழமும் வைப்பார்கள். மது பிரமாதம். பழத்தைக் கடிக்க முடியாது. நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப்பட்டதாகப் பார்த்து வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் ஒரு நாள், ஆட்டுக்கறியும் இருக்கிறது ஐயா என்றான் அங்கிருந்த சிப்பாய். சொல்லிவிட்டு இடுப்புப் பையில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். கொத்திய கறி. வெளியே வைத்தால் உறைந்துபோகும் என்று உடம்போடு ஒட்டி வைத்திருந்தானாம். அதற்குப் பிறகு நான் மதுவோடு நிறுத்திக்கொண்டேன்.

முறைவைத்து ஒவ்வொருவராக அரசர் முன் பேச வேண்டிய வழக்கம் உண்டு. என் முறை வந்தபோது மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்று சின்னக் காகிதத்தில் குறித்து, கையில் பிடிக்கிற மரப்பலகையின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். குளிரில் பசை விட்டுவிட்டது. காகிதம் காலடியில் விழுந்தது. எங்கள் தொப்பிக்கு இரண்டு பக்கமும் நீளமான இறக்கை உண்டு; குனிந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணைக் குத்தும். அரசவையில் நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அதை அவ்வளவு நீளமாக வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. காகிதத்தை எடுக்க முடியாமல், நினைவில் நின்ற ஒரே விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாங்கினேன். மூன்றில் நிறைவேறியதும் அது ஒன்றுதான். அன்றிலிருந்து நான் எழுதிய எந்த மனுவிலும் இரண்டாவது கோரிக்கை கிடையாது.

1069-இல் வாங் அன்ஷி துணை அமைச்சராக வந்தார். புதிய சட்டங்கள் வரிசையாக வந்தன. அடுத்த வருடம், லி டிங் என்பவரை விதிகளையெல்லாம் தாண்டி ஒரே தாவலில் கண்காணிப்புத் துறையில் உட்கார வைக்க உத்தரவானது. நியமன ஆணையை வரைய வேண்டிய மூன்று பேர், சோங் மின்சியூ, சூ சோங், லி தாலின், எழுத மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்ப வந்தது, திரும்பவும் அனுப்பினார்கள். மூன்று பேருக்கும் அந்தப் பதவி போயிற்று. சூ சோங் பின்னாளில் திரும்பி வந்து, தண்ணீரால் ஓடுகிற பெரிய வானியல் கடிகாரக் கோபுரத்தைக் கைஃபெங்கில் கட்டினார், பிரதான அமைச்சராகவும் ஆனார். அன்றைக்கு அவர்கள் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். வணக்கம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வாங் அன்ஷியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குளிக்க மாட்டார், துணி மாற்ற மாட்டார், காசு விஷயத்தில் கை சுத்தம். அவருடைய பசுந்தளிர்ச் சட்டம் காகிதத்தில் நல்ல சட்டம். வசந்தத்தில் கையில் காசில்லாமல் வட்டிக்காரனிடம் போகிற விவசாயிக்கு அரசே கடன் கொடுக்கும். அறுவடை முடிந்து 20 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும். வட்டிக்காரன் இதைவிட அதிகமாகத்தான் கறப்பான். ஆனால் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பதை வைத்து அதிகாரிகளின் திறமையை அளக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. வேண்டாம் என்கிறவன் தலையிலும் கட்டினார்கள். திருப்பித் தர வசதி உள்ளவன் என்று பார்த்துப் பணக்கார வீடுகளுக்கும் கொடுத்தார்கள். அப்போது நான் ஒரு மாவட்டத்துக்குத் தலைவனாகப் போயிருந்தேன். கடன் கொடுக்கிற நாளில் ஊர் வாசலில் அரசு மதுக்கடைக்காரர்கள் பந்தல் போட்டுப் பாட்டுக்காரிகளை உட்கார வைப்பார்கள். இடது கையில் காசு வாங்கினவன் பாதிப் பேர் அந்தப் பந்தலைத் தாண்ட மாட்டார்கள். காசு காலையில் கருவூலத்தை விட்டுக் கிளம்பி மாலைக்குள் மதுக்கணக்கில் திரும்ப வந்துவிடும். வட்டி மட்டும் அவன் வீட்டுக்குப் போகும்.

மனு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு எட்டுப் பக்கம். மென்சியஸ், யாவ், ஷுன், இலாபமா அறமா, எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தால் அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்றுதான் சந்தேகம் வந்தது. கிழித்துவிட்டு ஒரே பக்கம் எழுதினேன்: கடன் வாங்கிய வீடுகள் எத்தனை, கேட்டு வாங்கியவை எத்தனை, மாடு விற்றவர்கள் எத்தனை, அன்றைய மதுக்கடை வசூல் எவ்வளவு. சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் மனுக்களில் ஒரு வசதி உண்டு. வெள்ளைக் காகிதத்தில் எழுதி முடித்த பிறகு, விட்டுப்போனதைச் சின்ன மஞ்சள் காகிதத்தில் எழுதிக் கடைசியில் ஒட்டலாம். வேலை மிகுந்த மேலதிகாரி முதலில் படிப்பது அந்த மஞ்சளைத்தான். அதில் ஒரு வரி: ‘சட்டம் தொடரட்டும், வேண்டாம் என்கிறவர் பெயரை மட்டும் எழுதாமல் விட அனுமதி வேண்டும்.’

மேலதிகாரிக்கு நல்ல வழியாகப் போயிற்று. அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் கட்டாயம் குறைந்தது. என்னைத் தொலைவில் ஒரு ஊரில் மதுவரி வசூலிக்கப் போட்டார்கள். மதுவரிக்கு! யாரோ சிரித்துக்கொண்டே எழுதிய உத்தரவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிர்த்துப் பேசிய படிப்பாளியின் தலையை எடுப்பதில்லை என்பது எங்கள் வம்சத்தில் பெரும்பாலும் காப்பாற்றப்பட்ட வழக்கம். பாவ் ஜெங் என்ற அதிகாரி பேசிய ஆவேசத்தில் எச்சில் ரென்சோங் அரசரின் முகத்தில் தெறித்தது, அரசர் துடைத்துக்கொண்டு உள்ளே போனார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். தண்டனை என்பது தூரம். எவ்வளவு கோபமோ அவ்வளவு லி (எங்கள் தூர அளவு) தள்ளி மாற்றல். மலைத்தொடருக்குத் தெற்கே போட்டால் காய்ச்சலே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஃபான் ஜோங்யான் மூன்று முறை தலைநகரிலிருந்து தள்ளப்பட்டவர். ஒவ்வொரு முறையும் நண்பர்கள் வழியனுப்ப வந்து ‘இந்தப் பயணம் முந்தையதைவிடப் பெருமை’ என்றார்களாம். அதனால் ஒரு வாக்கியத்தை எழுதும்போதே இது எத்தனை லி வாங்கித் தரும் என்று எனக்கு மனக்கணக்கு ஓடும். அதில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

ஜெங் சியாவுக்கு அந்தக் கணக்கே தெரியாது. தலைநகரின் ஒரு வாசலுக்குக் காவல் பொறுப்பாளர். வாங் அன்ஷியிடம் படித்தவர். 1074-இல் கடும் வறட்சி. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பார்த்ததைப் படமாக வரைய வைத்து மனுவோடு அனுப்பினார். வாங்க மறுத்தார்கள். அவசர இராணுவச் செய்தி என்று பொய் சொல்லி, குதிரை அஞ்சலில் அரசருக்குச் சேர்த்துவிட்டார். பத்து நாளில் மழை வராவிட்டால் என் தலையை வெட்டுங்கள் என்றும் எழுதியிருந்தார். அரசர் இரவெல்லாம் தூங்கவில்லையாம். சில சட்டங்கள் நிறுத்தப்பட்டன, மழையும் பெய்தது, வாங் அன்ஷி பதவி விலகினார். ஜெங் சியா தெற்கே யிங்ஜோவுக்குப் போனார். எட்டுப் பக்கத்தை ஒரு பக்கமாக்கத் தெரிந்தது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் எழுத்தே படமாக இருக்கலாம் என்று காட்டிவிட்டுப் போனார்.

1077-இல் மறுபடியும் தலைநகரில் இருந்தேன். உங்கள் ஊர்க்காரர்களை நேரில் பார்த்தது அப்போதுதான். சோழ நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். அங்கே முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். முத்து, யானைத் தந்தம், குங்கிலியம், பன்னீர், கண்ணாடிப் பாத்திரம், இலவங்கம், பெருங்காயம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். தூதர் படியேறி, மண்டியிட்டு, முத்தையும் கற்பூரத்தையும் அரியணைக்கு முன்னால் வாரி இறைத்தார். கூடம் முழுக்க வாசனை. ஒரு முத்து எங்கள் வரிசைப் பக்கம் உருண்டு வந்தது. அத்தனை படிப்பாளிகளும் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தோம். தொப்பி இறக்கை அப்படி. பதிலுக்கு அவர்கள் அரசருக்கு 81,800 கோவை காசும் 52,000 அவுன்ஸ் வெள்ளியும் போயிற்று. எங்கள் அவுன்ஸ் கொஞ்சம் பெரியது.

1079 கோடையில் சூ ஷியைப் பிடித்தார்கள். ஹுஜோவில் பதவியேற்று அவர் அனுப்பிய நன்றிக் கடிதத்தில் புதுச் சட்டக்காரர்களைக் குத்தி ஒரு வரி இருந்தது. பிறகு அவர் கவிதைகளை வரிவரியாகத் தோண்டினார்கள். வழக்கை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் அதே லி டிங். நூறு நாளுக்கு மேல் சிறை. பிறகு ஹுவாங்ஜோவுக்கு அனுப்பினார்கள். அவருடைய கவிதைகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அபராதம். புதுச் சட்டங்களை எதிர்த்து ஒதுங்கியிருந்த சிமா குவாங்குக்குக்கூட. சூ ஷி வீட்டுப் பெண்களே பயத்தில் அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் முக்கால்வாசியை எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இரவு, நானும் என் பெட்டியைத் திறந்தேன். என் கவிதைகள், பழைய மனு நகல்கள், நண்பர் ஒருவரின் கடிதங்கள். அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். மஞ்சள் காகிதம் வெள்ளையைவிட மெதுவாக எரிகிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது. பேச்சை அடக்கிக்கொள் என்கிற அந்த இரண்டாவது வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எரித்தேன். ‘செயல் துணிவாக இருக்கட்டும்’ என்ற பாதியை விட்டுவிட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பிழைப்பது எளிதாக இருந்தது. 1085-இல் அரசர் இறந்து, லோயாங்கில் பதினைந்து வருடம் ஒதுங்கி வரலாறு எழுதிக்கொண்டிருந்த சிமா குவாங் திரும்ப வந்தார். புதிய சட்டங்கள் எல்லாம் போக வேண்டும் என்றார். கட்டாய ஊழியத்துக்குப் பதிலாகக் காசு வாங்கி ஆள் வைக்கிற கூலியாள் சட்டத்தை ஐந்து நாளில் மாற்று என்று உத்தரவு. அது அவசரக்கோலம் என்று எல்லோருக்கும் தெரியும். சூ ஷி நேருக்கு நேர் சண்டை போட்டார். வீட்டுக்கு வந்து ‘சிமா மாடு, சிமா மாடு’ என்று கத்தினாராம். தன் கட்சி ஆட்சியிலும் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து நாளில் முடித்துக்காட்டி சிமாவிடம் பாராட்டு வாங்கியவர் கைஃபெங் நகரத் தலைவர் ட்சாய் ஜிங். நான் என்ன செய்தேன்? ‘மாவட்டத்துக்கு ஏற்றபடி பரிசீலிக்கலாம்’ என்று ஒரு மனு. இரண்டு பக்கமும் தலையாட்டும்படி எழுதியிருந்தேன்.

எழுபது வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். அதற்குள் காற்று மறுபடி திரும்பி, ட்சாய் ஜிங்கே பிரதான அமைச்சர். 1104-இல் 309 பேரை நாட்டுக்குக் கேடு செய்த கும்பல் என்று பட்டியலிட்டு, தன் கையெழுத்திலேயே எழுதி, ஊருக்கு ஊர் கல்லில் வெட்டச் சொன்னார். முதல் வரிசையில் செத்து 18 வருடம் ஆன சிமா குவாங். சூ ஷி, சூ ட்சே, பெரியவர்கள் பலர், கூடவே யாரும் கேள்விப்படாத சின்ன அதிகாரிகளும். சாங்கானில் அன்மின் என்ற கல்தச்சர், சிமா ஐயாவை உலகமே நேர்மையானவர் என்கிறது, என்னால் இதை வெட்ட முடியாது என்றாராம். அதிகாரி மிரட்டினதும் அழுதுகொண்டே, வெட்டுகிறேன், கடைசியில் தச்சன் பெயரை மட்டும் போடாமல் விடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் ஊரிலும் கல் நட்டார்கள். மகன் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனான். அவன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தான். முடிக்கும்வரை மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. என் பெயர் இல்லை. திரும்பும் வழியில் ஆட்டுக்கறியும் மதுவும் வாங்கினான். மருமகள் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பு. பேரப்பிள்ளைகள் இனித் தேர்வு எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, யாருக்கும் சொல்லாமல் விளக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கல்லோடு முகத்தை ஒட்டி வைத்து முதல் பெயரிலிருந்து படித்தேன். மகனுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒன்றிரண்டு பெயரை விட்டிருக்கக்கூடும்.